பழைய புல்லட்டில் ‘டொக் டொக்’ சத்தம்: எஞ்சினைப் பிரிக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். 1980களில் வந்த புல்லட் 350. இரும்பு சிலிண்டர், பாயிண்ட் இக்னிஷன். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது இடப்பக்கம் கீழேயிருந்து ‘டொக்... டொக்’ என்று கனமான சத்தம். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் போய்விடுகிறது. எஞ்சின் ஆறியிருந்தாலும் சூடாக இருந்தாலும் ஒரே மாதிரிதான். கிளட்ச் பிடித்தால் சற்றுக் குறைகிறது. ஒரு மெக்கானிக், கனெக்டிங் ராடு போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், டேப்பெட்தான் (வால்வைத் தள்ளும் பாகம்), கொஞ்சம் டைட் வைத்தால் அடங்கிவிடும் என்கிறார்.

இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முதலில் திறக்க வேண்டியது இடப்பக்கத்து பிரைமரி கவர், அதாவது எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு விசை கொண்டுபோகும் செயினின் மூடி. தளர்ந்த பிரைமரி செயின், ஆட்டம் கண்ட கிளட்ச் டிரம், லூசான ஆல்டர்னேட்டர் ரோட்டர் (மின்சாரம் தயாரிக்கும் பாகத்தின் சுழலும் பகுதி), இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஏன் அப்படிச் சொல்கிறேன், எப்படி நீங்களே உறுதிப்படுத்திக்கொள்வது, எந்த அறிகுறி தெரிந்தால் என் கணிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே வண்டியை நிறுத்த வேண்டும் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். பழைய எஞ்சினை ஒருமுறை தேவையில்லாமல் பிரித்தால், நன்றாகப் பதிந்து ஓடிக்கொண்டிருந்த பாகங்களின் பொருத்தம் கலைகிறது. அதை மறுபடி அதே நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல.

முதலில் சத்தத்தின் தாளம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்க வைக்கும் பாகம்) ஒரு சுற்று. ஐடிலில் 900 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால் கிராங்க் நொடிக்கு 15 முறை சுற்றும். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏழெட்டு முறைதான் திறந்து மூடும். எனவே கேம், டேப்பெட், புஷ்ராடு, ராக்கர் இவற்றில் வரும் தட்டல் கிராங்க் வேகத்தில் பாதியில் வரும். கிராங்க்கோடு ஒட்டிய பாகங்களின் தட்டல் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும்.

நொடிக்கு ஏழா பதினைந்தா என்று காதால் எண்ண முடியாது. எண்ணவும் வேண்டாம். சைலன்சரின் பின் முனைக்கு ஒரு ஜாண் தள்ளி உள்ளங்கையைப் பிடியுங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் புகை ‘புஸ் புஸ்’ என்று விட்டு விட்டு வந்து கையில் படும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் அது படும். இப்போது காதைச் சத்தத்தில் வையுங்கள். ஒரு புகைக்கு ஒரு தட்டல் என்றால் அது பாதி வேகத் தாளம். ஒரு புகைக்கு இரண்டு தட்டல் என்றால் கிராங்க் தாளம். கார்புரேட்டரின் ஐடில் திருகைச் சற்றுத் தளர்த்தி, எஞ்சின் நிற்காமல் தத்தித் தத்தி ஓடும் அளவுக்கு இறக்கினால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். டைமிங் லைட் இருந்தால் அதையும் வைத்துப் பார்க்கலாம். புல்லட்டின் பாயிண்ட் கேமின் வேகத்தில் ஓடுவதால் லைட்டும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மின்னும். வேறு பல வண்டிகளில் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விழும், அங்கே இந்தக் கணக்கு மாறும்.

உங்கள் எஞ்சினில் ஒரு புகைக்கு ஒரு ‘டொக்’ வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வந்தால், இரண்டு மெக்கானிக்குகளும் ஏன் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்பதும் புரிந்துவிடும். ஒருவர் சத்தத்தின் கனத்தைக் கேட்டிருக்கிறார், அது கீழ்ப்பாகத்துச் சத்தம் மாதிரி இருக்கிறது. இன்னொருவர் தாளத்தைக் கேட்டிருக்கிறார், அது டேப்பெட் தாளம் மாதிரி இருக்கிறது. கனமும் பாதித் தாளமும் சேர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. அதுதான் பிரைமரி.

காரணம் இதுதான். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. எரிப்பு நடக்கும்போது கிராங்க் வேகமெடுக்கிறது. அடுத்த கம்ப்ரஷன் வரும்போது திணறி வேகம் குறைகிறது. புல்லட் 350இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர். இவ்வளவு நீண்ட ஸ்ட்ரோக்கும் மெதுவான ஐடிலும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கணிசமாக ஏறி இறங்கும். கிராங்க் வேகமெடுக்கும்போது பிரைமரி செயினின் இழுக்கும் பக்கம் விறைக்கிறது. கிராங்க் திணறும்போது கிளட்ச் டிரம் தன் வேகத்திலேயே முன்னேறி வந்து எதிர்ப்பக்கத்தை இழுக்கிறது. செயினில் தளர்ச்சி இருந்தால் இந்தக் கைமாற்றம் ஒவ்வொன்றிலும் ஒரு ‘டொக்’ விழும். எரிப்பு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்பதால் சத்தமும் அதே தாளத்தில் வரும். வேகம் கூடினால் ஃப்ளைவீலின் சுழற்சி வேகம் இந்த ஏற்ற இறக்கத்தை அமுக்கிவிடும், செயின் ஒரே பக்கம் விறைத்து நிற்கும், சத்தம் மறையும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் போய்விடுகிறது என்று நீங்கள் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கிளட்ச் பிடித்தால் குறைவதும் இதோடு ஒத்துப்போகிறது. நியூட்ரலில் கிளட்சை விட்ட நிலையில் டிரம்மோடு சேர்ந்து கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் அதனோடு கோர்த்த பல் சக்கரங்களும் சுற்றுகின்றன. லீவரைப் பிடித்ததும் டிரம் மட்டும் தனியாகச் சுற்றுகிறது. இழுபடும் எடை குறைவதால் தட்டலின் வேகமும் குறைகிறது. கனெக்டிங் ராடு போயிருந்தால் கிளட்ச் லீவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை. டேப்பெட்டுக்கோ அறவே சம்பந்தமில்லை.

அடுத்து சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குக் கீழுள்ள எலும்பில் அழுத்திக் கேளுங்கள். மரக்குச்சியும் போதும். ராக்கர் கவர், டேப்பெட் மூடி, வலப்பக்கத்து டைமிங் கவர், சிலிண்டரின் அடிப்பாகம், கிராங்க்கேஸ், பிரைமரி கவரின் முன்பக்கம், அதன் பின்பக்கம், கியர்பாக்ஸ் என்று வரிசையாக வையுங்கள். எல்லா இடத்திலும் சத்தம் கேட்கத்தான் செய்யும், ஏனென்றால் உலோகம் ஒலியை எங்கும் கொண்டுபோகும். எங்கே கேட்கிறது என்பதைப் பார்க்காமல் எங்கே மிகக் கூர்மையாக, மிக அருகில் கேட்கிறது என்பதைப் பாருங்கள். பிரைமரி கவரின் முன்பக்கம் பலமாக இருந்தால் ரோட்டர் அல்லது எஞ்சின் ஸ்ப்ராக்கெட் பக்கம் சந்தேகப்படலாம். பின்பக்கம் பலமாக இருந்தால் கிளட்ச். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் நின்றபடி நீண்ட நேரம் ஓட விடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் கேட்டுவிட்டு அணைத்து ஆற விடுங்கள். லுங்கி, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் செயினுக்கு அருகில் வேண்டாம்.

கவரைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து வெளியே இருப்பவற்றையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகள், ஹெட்டை ஃபிரேமோடு பிடிக்கும் பட்டை, சைலன்சர் கிளாம்பு, செயின் கவர், டூல் பாக்ஸ் மூடி. இவற்றில் ஒன்று லூசாக இருந்தால் எஞ்சினுக்குள் ஏதோ உடைந்தது போல ஒலிக்கும். ஓடும்போது ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாலே போதும். சைலன்சருக்கு மட்டும் தடித்த துணி வேண்டும்.

சரி, இப்போது பிரைமரி. புல்லட்டில் இந்த வெளிக்கவரை நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. இடப்பக்கக் கால்மிதியைக் கழற்றி வழி செய்துகொண்டு, கீழே ஒரு தட்டு வைத்து ஆயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள், வெள்ளைத் துணி வழியாக வடிகட்டி வெயிலில் வைத்துப் பாருங்கள். கவரின் உட்பக்கத்தையும் பாருங்கள். செயின் உரசிய கோடு இருந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, செயினின் மேல் பக்கத்தை நடுவில் விரலால் தூக்கி அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. ஓரிடம் இறுக்கமாகவும் இன்னோரிடம் தொளதொள என்றும் இருக்கும். மிக இறுக்கமான இடத்தில் மேலும் கீழுமாக 6 மில்லிமீட்டர் அளவு ஆட்டம் இருக்க வேண்டும். தளர்ந்த இடத்தை வைத்து டென்ஷனரை (செயினை இறுக்கும் பாகத்தை) ஏற்றினால் இறுக்கமான இடம் வரும்போது கிராங்க் பேரிங்கையும் மெயின் ஷாஃப்டையும் இழுத்துக் கெடுக்கும். இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, டென்ஷனரை முழுக்க ஏற்றியும் போதவில்லை என்றாலோ செயினை மாற்ற வேண்டியதுதான். கூடவே எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பல்லோடு புதுச் செயின் போட்டால் சீக்கிரமே பழைய கதைக்கு வந்துவிடும்.

அப்புறம் ரோட்டர். கிராங்க்கின் இடது முனையில் சாவியோடு (இரண்டையும் பூட்டும் சிறிய உலோகக் கட்டை) உட்கார்ந்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அதைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருக்கிப் பாருங்கள். கிராங்க் நகராமல் ரோட்டர் மட்டும் இம்மியளவு அசைந்தாலும் தப்புதான். நட்டு லூசாகி, சாவி தேய்ந்து, கிராங்க்கின் வேக ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ரோட்டர் இருபக்கமும் இடித்துக்கொண்டிருக்கும். இந்தச் சத்தம் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் கீழ் முனை) போன சத்தத்தை அப்படியே ஒத்திருக்கும், அனுபவம் உள்ள காதுகூட ஏமாறும். ரோட்டருக்கும் சுற்றியுள்ள ஸ்டேட்டருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தடையில்லாமல் போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் ஸ்டேட்டர் ஒருபக்கம் நகர்ந்திருக்கிறது, அல்லது மெயின் பேரிங்கில் ஆட்டம் வந்து கிராங்க்கே ஆடுகிறது. இரண்டாவது என்றால் கதை பெரிது. கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும்.

கிளட்ச் டிரம்மை இரு கையாலும் விளிம்பில் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. டிரம் தலையாட்டுவது போல் சாய்ந்தால் நடு பேரிங் போயிருக்கிறது. பிளேட்டுகளின் காதுகள் உட்காரும் டிரம்மின் பள்ளங்களையும் பாருங்கள். காதுகள் இடித்து இடித்துப் பள்ளத்தின் ஓரத்தில் படிக்கட்டுப் போல் வெட்டு விழுந்திருந்தால் அங்கிருந்தும் ஐடிலில் சலசலப்பு வரும், கிளட்சும் சீராக விடுபடாது. லேசான வெட்டை அரத்தால் சமப்படுத்தலாம்.

பிரைமரியில் எல்லாம் சரியாக இருந்தால்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். டேப்பெட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்தத்தை அடக்க டேப்பெட்டை டைட் வைப்பது பழைய வண்டிகளுக்கு நடக்கும் அநியாயங்களில் முதன்மையானது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டோடு ஒட்டிக்கொண்டு ஹெட்டுக்குக் கடத்துகிறது. டேப்பெட் டைட்டாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது. சூடு கடத்த வழியில்லாமல், எரியும் வாயுவும் அந்த இடுக்கில் புகுந்து, வால்வின் ஓரத்தைத் தின்றுவிடும். முதலில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், பிறகு கம்ப்ரஷன் போகும், கடைசியில் ஹெட் வேலை. சத்தம் போடும் டேப்பெட் எப்போதோ ஒருநாள் தேயும். சத்தமில்லாமல் டைட்டாக இருக்கும் டேப்பெட் வால்வைச் சீக்கிரமே எரிக்கும். வழக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்த டேப்பெட் ஒலி தானாகவே அடங்கினாலும் சந்தோஷப்பட வேண்டாம். வால்வு சீட்டுக்குள் இறங்கி இடைவெளி மறைந்திருக்கலாம், உடனே சரிபாருங்கள்.

புல்லட்டில் டேப்பெட் பார்க்கும் முறை எளிது. எஞ்சின் இரவு முழுக்க நின்று நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிற்கட்டும். வலப்பக்கத்து டேப்பெட் மூடியைக் கழற்றினால் புஷ்ராடுகளின் அடிப்பாகம் தெரியும். இரு விரலால் திருப்பினால் புஷ்ராடு தடையின்றிச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழுமாக ஆடக் கூடாது. அதுதான் அளவு. ஃபீலர் கேஜ் தேவையில்லை. வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டிரையம்ஃப் 650 ட்வின் எஞ்சினில் இன்லெட்டுக்கு 0.05, எக்ஸாஸ்டுக்கு 0.10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதன் கையேட்டில் இருப்பதுதான் அளவு.

டேப்பெட் சரியாக இருந்தும் மேலே ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ராக்கருக்கு ஆயில் போகிறதா. ஹெட்டுக்கு வெளியே ஏறும் ஆயில் குழாயின் மேல் போல்ட்டை எஞ்சின் ஓடும்போது அரைத் திருகு தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் வராது, சற்று நேரம் கொடுங்கள். வரவே இல்லை என்றால் அணைத்துவிட்டு அடைப்பைத் தேடுங்கள். இரண்டு, எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டில் நுழையும் இடம். அங்கே புகை கசிந்தால் டேப்பெட்டையே ஒத்த ‘டிக்’ வரும், அதே பாதித் தாளத்தில். ஆறிய எஞ்சினில் பலமாகவும் சூடேறி உலோகம் விரிந்த பின் மெதுவாகவும் கேட்கும். டீகம்ப்ரஸர் (ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரஷனை விடுவிக்கும் சிறு வால்வு) சரியாக மூடாவிட்டாலும் இதே கதைதான். இதற்கு ஸ்க்ரூடிரைவர் உதவாது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை மூட்டுகளின் அருகே நகர்த்துங்கள், கசியும் இடத்தில் சத்தம் சட்டென்று உயரும்.

உங்கள் சத்தத்துக்குச் சூடும் குளிர்ச்சியும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தது எனக்குப் பெரிய உதவி. பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் தளர்ந்து சிலிண்டர் சுவரில் அடிப்பது) என்றால் ஆறிய எஞ்சினில் ‘கடக் கடக்’ என்று வந்து, பிஸ்டன் சூடாகி விரிந்ததும் குறைந்திருக்கும். சில கிலோமீட்டரில் அடங்கிவிடும் ஸ்லாப்போடு பழைய எஞ்சின் பல வருடம் ஓடும், அதற்காக அவசரப்பட்டு சிலிண்டரைக் குடைந்து போர் பண்ண வேண்டியதில்லை. பேரிங்குகள் தேய்ந்த சத்தம் இதற்கு நேர் எதிர். ஆயில் சூடாகி நீர்த்த பிறகுதான் வெளியே வரும்.

நாக்கிங் (பெட்ரோல் கலவை முறைதவறி எரிவதால் வரும் சத்தம்) தனி ரகம். வண்டி ஓடும்போது மட்டும், அதுவும் மேடு ஏறும்போதோ டாப் கியரில் மெதுவாகப் போய் திடீரென்று முறுக்கும்போதோ, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது போல் வரும். இதற்கும் பாகங்களின் தேய்மானத்துக்கும் சம்பந்தமில்லை. டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னால் இருப்பது, வேகத்துக்கு ஏற்பப் பொறியை முந்த வைக்கும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்து சீக்கிரமே விரிவது, ஹெட்டில் கரி படிந்திருப்பது, காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆக இருப்பது இவைதான் காரணம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை வைத்த பிறகே டைமிங் பாருங்கள், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அட்வான்ஸ் யூனிட் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். நாக்கிங்கோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும் வரை போகும்.

இனி பிக் எண்ட். உங்கள் முதல் மெக்கானிக் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இந்த ஒன்றை அலட்சியப்படுத்தினால் எஞ்சின் மிஞ்சாது. பழைய புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ்தான். அதாவது ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே தனியாகச் சுழலும் ஒரு புஷ். அது முழுக்க முழுக்க ஆயில் படலத்தை நம்பியே வாழ்கிறது. ஆயில் பம்பிலிருந்து டைமிங் கவர் வழியாக கிராங்க்கின் வலது முனைக்குள் நுழைந்து அங்கிருந்து பிக் எண்டுக்குப் போகும். அந்த நுழைவாயிலில் இருக்கும் சிறிய சீல் கிழிந்தாலோ, ஃபில்டரில் அடைப்பு வந்தாலோ, பம்பை ஓட்டும் வோர்ம் கியரின் பல் மழுங்கினாலோ புஷ்ஷுக்கு ஆயில் குறையும். வண்டி நீண்ட நாள் நின்று ஆயில் கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து உடனே முறுக்குவதும் அதே கெடுதலைச் செய்யும்.

பிக் எண்ட் போகும்போது சத்தம் எப்படி இருக்கும்? அடிவயிற்றில் இருந்து வருவது போல் மந்தமான, கனமான ‘தொம் தொம்’. சூடானபின் கூடும். வண்டியில் சுமை ஏறும்போது, மேடு ஏறும்போது கூடும். நடுத்தர வேகத்தில் போய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் அந்தக் கணத்தில் ஒரு சலசலப்பு கேட்கும். கால்மிதியில் அதிர்வு தெரியும். முறுக்கினால் மறைவது அதன் குணம் அல்ல. உங்கள் வண்டியில் இந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லை. நாளைக்கு இவற்றில் இரண்டு தென்பட்டால் வண்டியை அங்கேயே அணையுங்கள். வீடு வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், தள்ளுங்கள் அல்லது ஏற்றிக்கொண்டு வாருங்கள். ராடு உடைந்தால் கிராங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் காலத்து அசல் கேஸுக்கு மாற்று கிடைப்பது அரிது.

ஸ்மால் எண்ட் (ராடு பிஸ்டனோடு சேரும் மேல் முனை) சத்தம் இதைவிட மெல்லியது, கூர்மையானது. ஐடிலில் இரட்டைத் தட்டலாக, ‘டக்-டக்... டக்-டக்’ என்று சிலிண்டரின் நடுப்பகுதியில் கேட்கும். மெயின் பேரிங் தட்டாது, உறுமும். டாப் கியரில் குறைந்த வேகத்தில் இழுக்கும்போது அந்த உறுமல் உடம்பில் தெரியும்.

சந்தேகம் மீதமிருந்தால் பிரிக்காமலே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. ஐடிலைவிடச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓடவிட்டு இக்னிஷனை அணையுங்கள். எஞ்சின் ஓய்ந்து நிற்கும் அந்தச் சில நொடிகளில் காது கொடுங்கள். பொறி நின்ற கணத்திலேயே சத்தம் சட்டென்று நின்றால் அது எரிப்பின் விசையால் வருவது. நிற்கும் வரை அப்படியே தொடர்ந்தால் டேப்பெட், டைமிங் கியர் போன்ற எப்போதும் ஓடும் பாகங்களுடையது. இரண்டாவது சோதனை ஆயில். சூடாக இருக்கும்போதே எஞ்சின் ஆயிலை இறக்கி வடிகட்டுங்கள், ஃபில்டரை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு: கியர், கேம், ரோலர். காந்தத்தில் ஒட்டாமல் பித்தளை நிறத்தில் மின்னினால் ஏதோ ஒரு புஷ். வெள்ளி நிறத்தில், லேசாக, ஒட்டாமல் இருந்தால் பிஸ்டனின் அலுமினியமாகவோ பிக் எண்ட் புஷ்ஷின் மேற்பூச்சாகவோ இருக்கலாம். மெல்லிய சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது சாதாரணம். விரலால் எடுத்தால் தகடாகத் தெரியும் துகள்தான் கவலைக்குரியது. அப்படி ஒன்றும் இல்லை, சத்தத்தின் குணமும் மேலே சொன்னபடி இல்லை என்றால் பிக் எண்டைச் சும்மா விடுங்கள்.

ஒருவேளை சிலிண்டரைக் கழற்றும் நிலை வந்தால், மெக்கானிக் ராடை இடவலமாக ஆட்டிக்காட்டி ‘பாருங்கள், எவ்வளவு ஆட்டம்’ என்று சொல்லக்கூடும். பக்கவாட்டு ஆட்டம் இருக்கத்தான் வேண்டும், அது தேய்மானம் அல்ல. ராடை உச்சிக்குக் கொண்டுவந்து நேராக மேலே இழுத்துக் கீழே அழுத்தும்போது ‘டக்’ என்று கைக்குத் தெரிகிறதா என்பதே கேள்வி. சோதிக்கும் முன் கிராங்க் பின்னைச் சுற்றியுள்ள ஆயிலை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஆயில் ஆட்டத்தை மறைக்கும். அதே காரணத்துக்காக, கெட்டியான ஆயிலோ சத்தம் குறைக்கும் மருந்தோ ஊற்றிச் சோதிக்க வேண்டாம். 20டபிள்யூ-50 ஆயிலே இந்த எஞ்சினுக்குப் போதும். கெட்டி ஆயில் சத்தத்தை மூடி மறைத்துவிட்டு, குளிர்ந்த ஸ்டார்ட்டில் பிக் எண்டைப் பட்டினி போடும்.

பழைய ஜாவா, யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சத்தத்தின் இடத்தைத் தேடும் முறை பொருந்தும், தாளக் கணக்கு மாறும். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் எரிப்பு என்பதால் ஒரு புகைக்கு ஒரு தட்டல்தான் கிராங்க் தாளம். வால்வு இல்லாததால் டேப்பெட் என்ற கேள்வியே இல்லை. புதிதாக நாக்கிங் வந்து கூடவே ஐடிலும் தானாக ஏறியிருந்தால் கிராங்க் சீல் வழியே காற்று புகுகிறதா என்று முதலில் பாருங்கள். லீன் ஆக ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் பிஸ்டன் வெகு சீக்கிரம் ஜாம் ஆகும்.

உங்கள் வண்டிக்குத் திரும்பினால், கவரைத் திறந்ததும் நான்கு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: செயினின் இறுக்கமான இடத்திலும் தளர்ந்த இடத்திலும் எவ்வளவு ஆட்டம், ரோட்டர் தனியாக அசைகிறதா, டிரம் எவ்வளவு சாய்கிறது, வடிகட்டிய ஆயிலில் என்ன இருந்தது. செயின் மட்டும்தான் குறை என்றால் டென்ஷனரைச் சரி செய்து, பூட்டு நட்டை இறுக்கி, கவரின் ரப்பரைப் புதிதாக மாற்றிப் புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அந்த நான்கு அளவுகளோடு எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.